திங்கட்கிழமை விமானம்

சுலாமி ஆக்லாந்தில் வந்து இறங்கிய காலத்தில் நியூசிலாந்துக்கு ஆள் தேவைப்பட்டது. அக்கா வீட்டில் மூன்று மாதம் விருந்தாளியாக இருந்துவிட்டு சமோவாவுக்குத் திரும்பத்தான் அவளுக்கு அனுமதி. முதல் வாரமே, தெருக்கோடி மிட்டாய் ஆலையின் மேற்பார்வையாளர் அவளைப் பார்த்து, "நாளைக்கு வேலைக்கு வர்றியா?" என்று கேட்டார். பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரையைக் காட்ட அவள் பையைத் திறந்தாள். அவர் கையை வீசினார்.

"அதை வீட்ல பத்திரமா வைம்மா. கை ரெண்டும் நல்லா இருக்குல்ல? அது போதும்."

கை இரண்டும் நன்றாக இருந்தன. அதற்கு மேல் அவளிடம் ஒரு சிரிப்பும் இருந்தது. வயிற்றில் கிளம்பி, தோளைக் குலுக்கி, கடைசியில்தான் சத்தமாக வெளியே வரும். டாஃபிக்குக் காகிதம் சுற்றும் நீள மேசையின் ஒரு முனையில் அவள் சிரித்தால் மறு முனையில் இருப்பவளுக்குக் காகிதம் கிழிந்துபோகும். மூன்று மாதம் முடிந்தது. யாரும் கேட்கவில்லை. மூன்று வருஷம் முடிந்தது. அப்போதும் கேட்கவில்லை.

பிறகு நாட்டில் வேலை குறைந்தது. வேலை குறைந்தால் நாட்டுக்கு ஞாபகசக்தி கூடிவிடும் போலிருக்கிறது. யாருக்கு என்றைக்கு அனுமதி முடிந்தது என்பதெல்லாம் திடீரென்று நினைவுக்கு வந்தது. அதிலும் அனுமதி முடிந்த இங்கிலாந்துக்காரரும் அமெரிக்கரும் நினைவுக்கு வரவில்லை. தீவுகளிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் மட்டும் வந்தார்கள். தெருவில் பழுப்பு நிறத்தில் யார் நடந்தாலும் போலீஸ் நிறுத்தி பாஸ்போர்ட் கேட்டது.

பஸ் ஓட்டுநர் மனாசேக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தது. ஆனாலும் அவர் பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை என்று பேச்சு. ஒருமுறை ஒரு போலீஸ்காரர் அதைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோது மனாசே, "உங்க தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாரு சார்? அவரோட அனுமதி எப்ப முடிஞ்சுது?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்காக அவரை ஒரு மணிநேரம் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அந்த ஒரு மணிநேரமும் அவர் பேசிக்கொண்டே இருந்ததால் தாங்க முடியாமல் அனுப்பிவிட்டார்கள்.

மனாசேயின் தொழில்தான் பஸ். அவருடைய பிறவி வேலை பேச்சு. ஊரில் அவர் குடும்பத்துக்குப் பேச்சாளர் பட்டம். கல்யாணமோ சாவோ, அவர் ஆளுயரக் கோலை ஊன்றி, தேங்காய்நார்ச் சாமரத்தைத் தோளில் போட்டு நின்றால் சர்ச்சு மண்டபமே அடங்கும். அப்படிப்பட்டவர் சுலாமியிடம் பஸ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது மட்டும், "மழை வரும்போல" என்பதைத் தாண்டிப் போனதில்லை. வெயிலடிக்கும்போதும் அதையேதான் சொல்வார்.

விடியற்காலைச் சோதனை அக்கா வீட்டுக்கும் ஒருமுறை வந்தது. கதவு தட்டப்பட்டதும் அக்கா லித்தாரா, மெத்தைக்கு அடியில் விரித்து வைத்திருந்த குடும்பப் பாய்களுக்கு நடுவில் தங்கையைத் தள்ளினாள். மெத்தையை மேலே இழுத்துப் போட்டாள். அதன்மேல் தானும் ஏறி உட்கார்ந்து பைபிளைத் திறந்துகொண்டாள். லித்தாரா நல்ல கனமான பெண். போலீஸ் வீடு முழுக்கத் தேடிவிட்டுப் போகும்வரை அவள் சங்கீதம் வாசித்தாள். அவர்கள் போனதும் வெளியே இழுக்கப்பட்ட சுலாமி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, போலீஸ் புடிச்சா நம்ம ஊருக்குத்தான் திருப்பி அனுப்புவாங்க. நீ என்னை நேரா பரலோகத்துக்கே அனுப்பியிருப்ப."

1982 ஜூனில், அவளுக்கு முப்பத்திரண்டு வயதாகும்போது, ஆலைக்கே வந்து பிடித்தார்கள். வந்த அதிகாரியின் பெயர் டன்னிங். நிரந்தர ஜலதோஷக்காரர், கெட்ட மனிதர் இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை விமானத்தில் அவளாகப் போய்விட வேண்டும். போனால் பேரில் கறை இருக்காது, பின்னால் முறைப்படி திரும்பி வரலாம். போகாவிட்டால் அவர்களே அனுப்புவார்கள். அப்புறம் பல வருஷத்துக்குக் கதவு மூடித்தான் இருக்கும்.

சுலாமி தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போது அக்காவின் கணவன் சக்கரியா, "போனா என்ன, நல்ல சேப்பங்கிழங்கு கிடைக்கும்" என்று ஆறுதல் சொல்ல, அதற்கும் ஒரு மூச்சு சிரித்துவிட்டு மறுபடி அழுதாள். பத்து வருஷம் ஒளிந்து வாழ்ந்த ஊர்தான். ஆனாலும் அந்தச் சாய்ந்த மரவீடும், மிட்டாய் மேசையும், சர்ச்சுப் பாட்டுக் குழுவில் இரண்டாவது வரிசை மூலையும் அவளுடையவை. மழை வரும்போல என்கிற அந்தக் குரலும் கூட.

ஜூலையில் ஒரு கூத்து நடந்தது. நியூசிலாந்துக் கோர்ட்டுகளுக்கும் மேலான, லண்டனில் இருக்கிற பெரிய கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. நியூசிலாந்து எங்கள் தீவுகளை ஆண்ட காலத்தில், 1948 வரைக்கும் அங்கே பிறந்தவர்கள் எல்லாரும் நியூசிலாந்துக் குடிமக்களேதான் என்றது. 1946-இல் பிறந்த லித்தாரா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது குடிமகளானாள்.

"ஏய்! நான் பொறந்ததிலேர்ந்தே இந்த ஊர்க்காரியாம்டி!" ஈரக்கையோடு கூடத்தில் ஆடினாள்.

"அப்போ அன்னிக்குக் கட்டில்ல ஏறி உக்காந்து போலீசை ஏமாத்தினது?" என்றான் சக்கரியா.

"அது ஒரு குடிமகள் தன் சொந்தக் கட்டில்ல உக்காந்தது. கேக்க இவங்க யாரு?"

சுலாமி பிறந்தது 1950-இல். அப்பா வழியாகவாவது வராதா என்று சர்ச்சுக்காரர்கள் வக்கீலிடம் ஓடினார்கள். அப்பா நியூசிலாந்துக்கு முன்னால், தீவை ஜெர்மானியர் ஆண்டபோது பிறந்தவர். அந்த வழியும் அடைந்தது.

"அம்மா ஒரு ரெண்டு வருஷம் முன்னாடி என்னைப் பெத்திருக்கக் கூடாதா?"

"அவளா? அடுப்புக் கல்லு சூடேறதுக்குள்ளேயே தூங்கிடுவா. அவ எங்க அவசரப்படப் போறா?"

சவாயி தீவில் இருந்த அண்ணன் அமோசா 1947. சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் குனிந்திருந்தபடியே அவனும் குடிமகனாகியிருந்தான். அவனுக்கு அது தெரியாது. கிழங்கும் யாரிடமும் சொல்லவில்லை.

அரசாங்கத்துக்கோ தீர்ப்பைக் கேட்டு வியர்த்துவிட்டது. தீவு முழுவதும் கிளம்பி வந்துவிட்டால்? உடனே புதுச் சட்டம் போடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. என்ன சட்டம், யாருக்கு, என்றைக்கு என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சுலாமிக்குத் தெரிந்தது திங்கட்கிழமை மட்டும்தான்.

வழியனுப்பை ஞாயிற்றுக்கிழமை வைக்க முடியாது, அது கர்த்தருடைய நாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு சர்ச்சு மண்டபத்தில் என்று முடிவாயிற்று. விமானம் மதியம் ஒரு மணிக்கு. ஜெபம், ஒரு பேச்சு, சாப்பாடு, வேனில் ஏற்றினால் முடிந்தது. பாஸ்டர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். எல்லாருக்கும் திருப்தி.

அந்த ஒரு பேச்சில்தான் எல்லாமே இருந்தது.

பேச்சாளர் இரண்டு பேர் இருந்தால், யார் பேசுவது என்று முதலில் அவர்களுக்குள் வாதாட வேண்டும். அது மரியாதை. கேட்டதும் சட்டென்று எழுந்து பேசுகிறவனைத் தெருநாய் கூட மதிக்காது. "நீங்கள்தான் பேச வேண்டும்" என்று ஒருவர் சொல்ல, "நீங்கள் இருக்கும்போது நானா" என்று மற்றவர் சொல்ல, அவரவர் ஊர்ப் பெருமையை மெல்ல எடுத்து வைத்து, கடைசியில் ஒருவர் விட்டுக் கொடுப்பார். பத்து நிமிஷம் போகும். அன்றைக்கு சுலாமியின் ஊர் சார்பில் வந்தவர் மனாசே. சக்கரியாவின் ஊர் சார்பில் வந்தவர் அபேலு. கம்பளிக் கிடங்கில் காவலாளி, எழுபது வயது, பற்கள் இல்லை, குரல் சங்கு மாதிரி.

கூடத்தின் இரு பக்கமும் கோலை ஊன்றிக்கொண்டு இருவரும் நின்றார்கள். சுலாமி நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஆலைத் தோழிகள் டாஃபிகளைக் கோத்துக் கட்டிய மாலைகள் அவள் காதுவரை ஏறியிருந்தன.

"வயசுல மூத்தவர் நீங்க. இந்த வார்த்தை உங்களோடது" என்று மனாசே தொடங்கினார்.

"வயசு கிடக்கு. பொண்ணு உங்க ஊரு. நீங்க பேசுங்க" என்றார் அபேலு.

"பொண்ணு எங்க ஊருதான். ஆனா அவ சாப்பிட்ட சோறு உங்க ஊர்க்காரன் வீட்டுச் சோறு."

கூட்டம் ஆமோதித்தது. இங்கே யாராவது ஒருவர் விட்டுக் கொடுத்திருந்தால் விமானம் கிடைத்திருக்கும். அபேலு தொண்டையைக் கனைத்தார்.

"சோறுன்னு சொன்னதால ஞாபகம் வருது. எங்க முன்னோர் படகுல வந்தப்போ உங்க கடற்கரையில ஒருத்தரும் சோறு போடலைன்னு ஒரு பேச்சு இருக்கு."

 லித்தாரா கண்ணை மூடிக்கொண்டாள். "போச்சு. படகை எடுத்துட்டான் கிழவன்" என்று முணுமுணுத்தாள்.

படகை எடுத்தால் வம்சம் வரும். வம்சம் வந்தால் மனாசே பதினோரு தலைமுறைக்குப் பின்னால் போவார். போனார். அங்கிருந்து அபேலு இன்னும் இரண்டு தலைமுறை பின்னால் போய் நின்றுகொண்டு அவரைக் கூப்பிட்டார். சக்கரியா கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் ஆட்டினான். பாஸ்டர் இருமினார், பிறகு இன்னும் பெரிதாக இருமினார். அபேலு மிகுந்த பணிவோடு பாஸ்டருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

சுலாமிக்கு எழுந்திருக்க முடியவில்லை. வழியனுப்புப் பேச்சு வாங்காமல் கிளம்புவது திருடி ஓடுவதற்குச் சமம். ஆனால் விமான நிலையத்தில் டன்னிங் மூக்கைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பார். பயத்தில் கை தானாக மாலையிலிருந்து ஒரு டாஃபியைப் பிரித்து வாயில் போட்டது. பிறகு இன்னொன்று. தாடை வலிக்க வலிக்க மென்றாள். நடுவில் ஒரு நொடி, 'இன்னும் பேசட்டுமே' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலையும் டாஃபியோடு சேர்த்து விழுங்கினாள்.

"அபேலு அவர்களே, விமானம்..." என்று கடைசியில் சக்கரியா எழுந்தே விட்டான்.

கிழவர் அவனைக் கருணையோடு பார்த்தார். "தம்பி, இங்க திங்கட்கிழமை. நம்ம ஊர்ல இன்னும் ஞாயிற்றுக்கிழமை. கோடு தாண்டிப் பறந்தா பொண்ணு நேத்திக்கே போய் இறங்கிடுவா. ஒரு நாள் கையில இருக்கு. என்ன அவசரம்?"

பாதிக் கூட்டம் இது நியாயம்தானே என்று தலையாட்டியதுதான் கொடுமை.

மனாசே விட்டுக் கொடுத்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அதன்பிறகு அபேலு வழியனுப்புப் பேச்சைப் பேசினார். அது அழகான, சின்னப் பேச்சு. எல்லாரும் அழுதார்கள். சாப்பிட நேரமில்லாமல் முழுப் பன்றியை அப்படியே வேனில் ஏற்றி, அதன்மேல் பாட்டுக் குழுவில் பாதியை ஏற்றி, பாடிக்கொண்டே மாங்கரே ரோட்டில் பறந்தார்கள். விமான நிலையத்துக்கு இரண்டு வளைவுகள் இருக்கும்போது தலைக்குமேல் ஒரு பெரிய இரைச்சல் போயிற்று. பழக்கதோஷத்தில் எல்லாரும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்கள்.

"சுலாமி, நல்லபடியா போய் வா" என்று விமானத்தைப் பார்த்து அழுதாள் பின்சீட்டில் ஒரு மாமி.

"மாமி, நான் இங்க உங்க பக்கத்துலதான் இருக்கேன்" என்றாள் சுலாமி. அவள் கழுத்தில் வெறும் மிட்டாய்க் காகிதங்கள் படபடத்தன. அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. மழை. கதவைத் திறந்த லித்தாரா, "சுலாமி! இங்க வந்து பாரு!" என்று கத்தினாள்.

வாசல் புல்தரையில் பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு ஒருவர் மண்டியிட்டிருந்தார். பெரிய குற்றம் செய்தவர் செய்ய வேண்டியது அது. பாதிக்கப்பட்டவர் வந்து பாயை விலக்கும்வரை அசையக் கூடாது. வெளியே தெரிந்த காலணி பஸ் கம்பெனிக் காலணி. சுலாமி படியில் இறங்கப் போனபோது வேலிக் கதவு கிறீச்சிட்டது. இன்னொரு பாய் நடந்து வந்து முதல் பாயின் பக்கத்தில் முட்டி முறிய உட்கார்ந்தது.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றது முதல் பாய். "குத்தம் என்னோடது."

"உன்னோடதா? படகை எடுத்தது யாரு? நான்" என்றது இரண்டாவது பாய்.

"பதினோரு தலைமுறை போனது நான்."

"நான் பதிமூணு போனேன்! வயசுல மூத்தவன் இருக்கும்போது நீ குத்தவாளியா? உனக்கு அந்தத் தகுதி இருக்கா?"

லித்தாரா சிரிப்பு தாங்காமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். சுலாமியின் வயிற்றில் ஏதோ கிளம்பியது. அதை அடக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் பின்னால் போய் நின்றாள். அந்த நேரம் பார்த்து வேனில் வந்து இறங்கினார் டன்னிங், குடையும் கைக்குட்டையுமாக. பாய்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யார் இவங்க?"

"குத்தவாளிங்க சார்" என்றாள் லித்தாரா.

"என்ன குத்தம்?"

"நேரம் கடத்திட்டாங்க."

"பாஸ்போர்ட் இருக்கா?"

முதல் பாய்க்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. பிளாஸ்டிக் உறை, கயிறோடு.

டன்னிங் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கே திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் பாயின் விளிம்பைத் தூக்கி மெதுவாக உள்ளே வைத்தார். "நான் சுலாமியைப் பாக்கணும்."

"இவங்களைத் தாண்டி யாரும் வரக்கூடாது சார், எங்க முறை அப்படி. நீங்க வேணும்னா பக்கத்துல மண்டி போடலாம். உங்களுக்கும் பாய் இருக்கு. விடியக்காலையில வந்து கதவைத் தட்டினீங்கள்ல, அதுக்கு."

டன்னிங் தும்மினார். அந்தப் பாய்க்கு அன்று வேலை வரவில்லை. பல வருஷம் கழித்து அந்தச் சோதனைகளுக்காக அரசின் சார்பில் பிரதமரே எங்கள் முன்னால் பாய்க்கு அடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டபோது, டிவி முன்னால் இருந்த லித்தாரா, "அன்னிக்கே சொன்னேன், ஜலதோஷக்காரன் கேக்கலை" என்றாள்.

ஜன்னல் வழியாகவே பேசி முடித்தார்கள். அடுத்த விமானம் வெள்ளிக்கிழமை. டன்னிங்கே வந்து கூட்டிப் போவார். இனி அவளாகப் போனதாகக் கணக்கில் வராது. "மன்னிக்கணும். என் கையில இல்லை" என்று சொல்லிவிட்டு, மழைக்குச் சூடாக ஒரு கோப்பைக் கோகோவை வேலிக்கு வெளியே நின்றே குடித்துவிட்டுப் போனார்.

சுலாமி மதியம்வரை பாய்களை விலக்கவில்லை. கோபம் உண்மையாகவே இருந்தது. இந்த இரண்டு வாய்களால் இனி இந்த ஊரின் கதவு அவளுக்கு மூடிவிட்டது. பிறகு இறங்கிப் போய் அபேலுவின் பாயை விலக்கி, கிழவரைத் தூக்கி நிறுத்தினாள். அப்புறம்தான் முதல் பாயிடம் போனாள். அதை விலக்கியபோது மனாசேயின் முகத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"மழை வருது" என்றார் மனாசே.

"தெரியுது" என்றாள் அவள்.

புதன்கிழமை அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் ஹாரன் சத்தம், நிற்காமல். வெளியே ஓடி வந்து பார்த்தால் பஸ். அந்தத் தெருவில் பஸ் வழியே கிடையாது. பழ வண்டியும் பால் வண்டியும் ஒதுங்கி நிற்க, உள்ளே பயணிகள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு விழித்தார்கள். மனாசே ஓட்டுநர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு நின்றார்.

"இந்த வீட்டின் மேன்மையே! இந்த வீட்டை ஆண்ட முன்னோர்களின் புகழே! எளியவன் நான் வாயைத் திறக்க..."

"விஷயத்தைச் சொல்லுய்யா! நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவி கத்தினாள்.

"சட்டம் வந்துடுச்சு சுலாமி!" மனாசே பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார். "ரேடியோவுல சொன்னான். எந்த வருஷம் பொறந்தாலும் சரி, அனுமதி முடிஞ்சிருந்தாலும் சரி. நேத்து யாரெல்லாம் இந்த மண்ணுல நின்னாங்களோ அவங்கல்லாம் கேட்டா குடியுரிமை!"

"நேத்தா?" என்றாள் லித்தாரா.

"நேத்து! செவ்வாய்க்கிழமை!"

திங்கட்கிழமை விமானம் கிடைத்திருந்தால் சுலாமி செவ்வாய்க்கிழமை இந்த மண்ணில் நின்றிருக்க மாட்டாள். அது அவள் மூளைக்குப் போய்ச் சேர ஒரு நிமிஷம் ஆயிற்று. சேர்ந்ததும் வயிற்றில் கிளம்பியது, தோள் குலுங்கியது. மூன்று நாளாக அடைத்துக் கிடந்த சிரிப்பு அத்தனையும் தெருவில் கொட்டியது. லித்தாரா பிடித்துக்கொண்டாள், சக்கரியா பிடித்துக்கொண்டான், பஸ்ஸில் இருந்தவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக் கிழவி இறங்கி வந்து சுலாமியைக் கட்டிக்கொண்டாள். பிறகு சமோவாவைப் பற்றி யாரோ கேட்டபோதுதான் அண்ணன் நினைவு வந்தது. அதே சட்டம், அங்கே இருந்தவர்களிடமிருந்து லண்டன் கொடுத்ததைப் பறித்துக்கொண்டது. அமோசா கிழங்குத் தோட்டத்தில் குனிந்தபடியே குடிமகன் இல்லாமலும் ஆனான். சுலாமி கண்ணைத் துடைத்தாள். எதற்காகத் துடைக்கிறோம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சொன்னபடி டன்னிங் வந்தார், கூட்டிப் போக இல்லை, சாப்பிட. சர்ச்சு மண்டபத்தில் அவருக்கு சேப்பங்கீரையும் தேங்காய்ப்பாலும் திரும்பத் திரும்ப வைத்தார்கள். மூக்கு திறந்துவிட்டது என்றார். நன்றிப் பேச்சுக்கு மனாசேயும் அபேலுவும் கோலோடு எழுந்தார்கள். கூட்டம் பெருமூச்சு விட்டது. பன்றியைத் துணியால் மூடினார்கள்.

வாதம் தொடங்குவதற்குள் சுலாமி நடுக்கூடத்தில் வந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணு தெரியணும்" என்றாள் மனாசேயைப் பார்த்து. "திங்கக்கிழமை நீங்க தெரியாமத்தான் இழுத்தீங்களா, இல்ல நான் போகக் கூடாதுன்னு வேணும்னே இழுத்தீங்களா?"

 கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோன டன்னிங் அப்படியே நிறுத்தினார். மனாசே கோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சாமரத்தைத் தோளிலிருந்து இறக்கினார். காது மடல் வரை சிவந்தார். பிறகு அபேலுவின் பக்கம் திரும்பிக் குனிந்தார்.

"மூத்தவர் நீங்க இருக்கீங்க. இதுக்குப் பதில் சொல்ற உரிமை உங்களோடது."

வாழ்நாளில் முதல்முறையாக, கேட்ட உடனே, ஒரு வார்த்தை வாதாடாமல் மனாசே விட்டுக் கொடுத்தார்.

பல்லில்லாத வாயால் அபேலு சிரித்தார். "பதிலா? அதைத்தான் இப்பச் சொல்லிட்டானே, பொண்ணு! ஒரு நொடியில விட்டுக் கொடுக்கத் தெரிஞ்சவன் அன்னிக்கு மூணு மணிநேரம் விடலையே!"

அதற்குள் சுலாமியின் தோள் குலுங்கத் தொடங்கியிருந்தது.